வீட்டுப்பெயர் இல்லாத வரி

தம்பி,

உன் கடிதம் திங்கட்கிழமை வந்தது. உனக்குப் பதில் எழுத எனக்கு எப்போதும் ஓர் இன்லண்டு போதும். அதிலும் பாதி இடம் உன் அப்பாவின் முதுகுவலிக்கே போய்விடும். இந்தத் தடவை போதாது. ஆபீசில் அச்சடித்து வீணான நீளத்தாள்களைச் சுருட்டிக்கொண்டு வந்து பின்பக்கத்தில் எழுதுகிறேன். மெட்ராஸில் ஆஸ்பத்திரிக் கம்ப்யூட்டர் வேலையை உன்னிடமே தனியாக ஒப்படைத்திருக்கிறார்கள் என்று எழுதியிருந்தாயே, அந்த இரண்டு பக்கத்தையும் உன் அப்பாவுக்கு உரக்க வாசித்துக் காட்டினேன். மனுஷனுக்குப் பெருமை தாங்கவில்லை. மறுநாளே கலூரில் தன்னோடு சாந்து குழைக்கிறவர்கள் வரைக்கும் சொல்லியாகிவிட்டது. மூன்றாவது பக்கத்தை மட்டும் நான் வாசிக்கவில்லை. கண் வலிக்கிறது என்று மடித்து வைத்துவிட்டேன்.

அந்தப் பக்கத்தில் நீ எழுதியதை உனக்கே திருப்பி எழுதுகிறேன். நோயாளிகளின் பட்டியலை வாசித்து, யார் யார் மறுபடி வர வேண்டும் என்று கடிதம் அச்சடிக்கிற புரோகிராம் உன்னுடையது. கட்டளையைத் தட்டினால் ஓடத் தொடங்கும். நடுவில் ஏதாவது ஒரு வரியில் வயது இல்லை, தேதி சரியில்லை என்றால் அப்படியே செத்துப்போகிறது. ஒரு நாளைக்கு ஏழெட்டுத் தடவை. மேனேஜர் கத்துகிறார். அதனால் அந்த மாதிரி வரிகளைத் தாண்டி ஓடும்படி மாற்றப் போகிறாய், சரிதானே அம்மா என்று கேட்டிருக்கிறாய். அதோடு விட்டாயா? ‘ஒழுங்காக விவரம் கொடுக்காதவர்களுக்கு மெஷின் என்ன செய்யும்? கடிதம் வந்தும் ஆஸ்பத்திரிக்குப் போகாத நம்ம பேச்சி அத்தை மாதிரி ஆட்களுக்கு யார்தான் என்ன செய்ய முடியும்?’ என்றும் எழுதியிருக்கிறாய். அதைப் படித்துக்கொண்டிருக்கும்போதே அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. எழுந்து அணைக்கத் தோன்றவில்லை எனக்கு.

மாற்றாதே. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். இதற்கு மேல் எழுதப்போவதை வாசிக்க உனக்கு மனம் வராமல் போனாலும், இந்த ஒரு சொல்லாவது உன் கையில் இருக்கட்டும். வரியைத் தாண்டிப் போகிற அந்த மாற்றத்தைச் செய்யாதே. செய்துவிட்டாய் என்றால் இன்றைக்கே எடுத்துவிடு. ஏன் என்று சொல்ல எனக்கு ஐந்து வருஷம் ஆகியிருக்கிறது. வாய் நீளம் என்று தெருவெல்லாம் பெயர் வாங்கியவள் உன் அம்மா. குழாயடியில் எவளாவது குடத்தை முன்னே தள்ளினால் அவள் ஏழு தலைமுறையையும் இழுப்பேன். பேச வேண்டிய ஓர் இடத்தில் மட்டும் வாயை மூடிக்கொண்டேன்.

இதை ஒரு பெயரிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். நான் மட்டாஞ்சேரியில் நாலாம் வகுப்பில் சேர்ந்தபோது டீச்சர் ரெஜிஸ்டரை விரித்து வைத்துக்கொண்டு, “வீட்டுப்பேரு எந்தா?” என்று கேட்டார். இங்கே கேரளத்தில் மனிதனின் பெயர் பாதிதான், வீட்டுப்பெயர்தான் மீதி என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. நம் ஆட்களுக்கு அப்பன் பெயரின் முதல் எழுத்து ஒன்றுதான் சொத்து. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து மூட்டை சுமக்க வந்து, ஒரு கிடங்கின் பின்னால் வாடகை அறையில் கிடந்த குடும்பத்துக்கு வீட்டுப்பெயர் எங்கிருந்து வரும்? “இல்ல டீச்சரே” என்றேன். “வீட்டுப்பேரில்லாத்த வீடுண்டோ?” என்றார் அவர். வகுப்பே சிரித்தது. நல்ல மனுஷிதான், என் முகத்தைப் பார்த்து இரக்கப்பட்டிருக்க வேண்டும். ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். ஒரு மாமரம், அவர்கள் பாஷையில் மாவு, நின்றது. மாவுங்கல் என்று எழுதிவிட்டார். அன்றிலிருந்து நான் மாவுங்கல் வீட்டுக்காரி. பத்தாம் வகுப்புச் சான்றிதழிலும் அதுதான், வேலை உத்தரவிலும் அதுதான். அந்தப் பெயரில் ஒரு வீடு உலகத்தில் எங்கேயும் இல்லை. ஆபீசில் ஒருத்தருக்கும் நான் அதைச் சொன்னதில்லை. என்னைப் பழைய தறவாட்டுக்காரி, பெரிய குடும்பத்துப் பெண் என்றே நினைத்துக்கொண்டிருந்தார்கள். நினைக்கட்டும் என்று நானும் விட்டுவிட்டேன். தமிழ் பேசுகிற கூலிக்காரன் மகள் என்று தெரிந்தால் நாற்காலியைப் பின்னால் தள்ளிப் போடுவார்களோ என்று பயம்.

வெலிங்டன் தீவில் அந்தத் தொழிலாளர் நல ஆபீசில் நான் கார்டு துளைக்கிற வேலையில் சேர்ந்ததும், பிறகு சின்னக் கம்ப்யூட்டர் வந்து, கறுப்புத் திரையில் பச்சை எழுத்தைப் பார்த்துப் பார்த்துப் புரோகிராம் எழுதக் கற்றுக்கொண்டதும் உனக்குத் தெரியும். நீ பத்தாவது படிக்கும்போது கிடங்குத் தொழிலாளர்களுக்கெல்லாம் நெஞ்சு எக்ஸ்ரே எடுக்கிற திட்டம் ஒன்று வந்தது. கொச்சங்காடியில் தெருமுனையில் எக்ஸ்ரே வண்டி நின்றதே, நினைவிருக்கிறதா? மிளகுக் கிடங்கு, இஞ்சிக் கிடங்கு, கயிற்றுக் கிடங்கு என்று எல்லோரையும் வரிசையில் நிற்க வைத்து எடுத்தார்கள். படத்தைப் பார்த்து, நெஞ்சில் குறை தெரிகிறவர்களுக்கு டாக்டர்கள் குறி போட்டு அனுப்புவார்கள். அதையெல்லாம் ரோசிலி என்ற பெண் மெஷினில் ஏற்றுவாள். குறி இருக்கிறவர்களுக்கு, ‘இந்தத் தேதியில் ஆஸ்பத்திரிக்கு வரவும்’ என்று கடிதம் அச்சடிக்கிற புரோகிராம் என்னுடையது. ஒரே பெயரில் பத்து மேரி, பத்து பீவி இருப்பார்களே என்று வீட்டுப்பெயரை வைத்துத்தான் ஆளைப் பிரிக்க வேண்டும் என்று முடிவாயிற்று. அந்தக் கூட்டத்தில் நானும் இருந்தேன். “வீட்டுப்பெயர் இல்லாவிட்டால்?” என்று யாரோ கேட்டார்கள். “வீட்டுப்பேரில்லாத்த ஆளு கேரளத்தில் உண்டோ?” என்று சிரித்தார் எங்கள் ஆபீசர் சார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கை தூக்கி, உண்டு சார், நான் குடியிருக்கிற வரிசை முழுக்க அப்படித்தான் என்று சொல்ல அரை நிமிஷம் ஆகியிருக்கும். சொன்னால் மாவுங்கல் எங்கே இருக்கிறது என்று கேட்பார்களே. அதுதான் தம்பி முதல் குற்றம், புரோகிராமில் ஒரு எழுத்துக்கூடத் தட்டுவதற்கு முன்னால்.

எழுதி முடித்ததும் என் பெயரையே போட்டு ஓட்டிப் பார்த்தேன். ஜம்மென்று ஓடியது. ஓடாமல் என்ன செய்யும்? எனக்குத்தான் பொய்யாகவாவது ஒரு வீட்டுப்பெயர் இருந்ததே. உண்மையான பட்டியலைக் கொடுத்ததும் நாற்பதாவது கடிதத்திலோ ஐம்பதாவது கடிதத்திலோ நின்றுவிட்டது. திரையில் நிறுத்தப்பட்டது என்று ஒரே ஓர் ஆங்கிலச் சொல். எந்த வரி, யாருடைய வரி, அதில் என்ன குறை, ஒன்றும் கிடையாது. அப்படி ஒரு சொல்லை மட்டும் துப்பிவிட்டுச் சாகும்படி எழுதியதும் நான்தான். ரோசிலி தலையில் கை வைத்துக்கொண்டு தேடுவாள். கண்டுபிடிக்க முடியாமல் மறுபடி முதலிலிருந்து ஓட்டுவாள். போன தடவை அச்சடித்த கடிதங்கள் எல்லாம் இன்னொரு முறை அச்சாகும். கயிற்றுக் கிடங்கு அம்மச்சி ஒருத்திக்கு மூன்று கடிதம் போய், மூன்று வியாதி என்று நினைத்து அழுதுகொண்டே ஆபீசுக்கு வந்தாள். நாங்கள் சிரித்தோம். சார் சிரிக்கவில்லை. “எந்தா இது? ஒரு மிஷீன் வாங்கி வெச்சிட்டு, அது ஓடாதெ நின்னா எங்ஙனெ? நாளைக்கி நிக்காதெ ஓடணும்” என்று என் மேஜைக்கு முன்னால் நின்று சத்தம் போட்டார்.

மறுநாள் காலையில் முதல் படகிலேயே போய் உட்கார்ந்து இரண்டு வரி சேர்த்தேன். வீட்டுப்பெயர் இடம் காலியாக இருந்தால் அடுத்த வரிக்குப் போ. அவ்வளவுதான். கட்டளையைத் தட்டினேன். ஒரு முணுமுணுப்பு இல்லாமல் கடைசி வரைக்கும் ஓடி முடிந்தது. திரையில் ஒரு குறையும் வரவில்லை. சார் எல்லோருக்கும் சாயாவும் பழம்பொரியும் வரவழைத்தார். விட்டுப்போன வரிகளைத் தனித் தாளில் அச்சடிக்க வேண்டும் என்று அன்றைக்கே நினைத்தேன். சத்தியமாக நினைத்தேன் தம்பி. அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளி வைத்தேன், அதற்குள் வேறு வேலை வந்துவிட்டது. காலி வரி என்றால் அது யார் என்று எனக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். ஆனால் அந்த நேரத்தில் அது என் ஓட்டத்தைத் தடுக்கிற சனியன் பிடித்த வரியாகத்தான் தெரிந்தது. அதற்குள் ஓர் ஆள் இருப்பதாகத் தோன்றவே இல்லை.

நம் வரிசையிலேயே குடியிருந்த பேச்சியைப் பற்றி உனக்கு நான் என்ன சொல்வது? அவள் வளர்த்த பிள்ளை நீ. அவளுக்கென்று ஒன்று பிறக்கவில்லை. அதற்காக அவள் அழுது நான் பார்த்ததும் இல்லை, நீ இருந்தாய். இஞ்சிக் கிடங்கில் சுரண்டி, சுண்ணாம்பு பூசி, காயவைத்து, நாலு மணிக்கு வந்து சேருவாள். நான் படகிறங்கி வர ஆறரை ஆகும். அந்த இரண்டரை மணி நேரம் நீ அவளுடையவன். என் கையால் கப்பைக்கிழங்கு வேகவைத்தால் முகம் சுளிப்பாய், அவள் வைத்தால் சட்டியை வழித்துத் தின்பாய். எனக்குப் பொறாமை இருந்தது. இருந்ததை இருந்தது என்றே சொல்கிறேன். அந்த எக்ஸ்ரே வந்த வருஷம் அவளுக்கு இருமல். ஒரு காலை குழாயடியில் என்னைப் பிடித்து நிறுத்தினாள்.

“யக்கா, எங்க கோடவுன்ல மேரிக்கு லெட்டரு வந்திருக்கு, கதீசாவுக்கு வந்திருக்கு. எனக்கு வரலியே?”

“வரலைன்னா நல்லதுடி. குறை இருக்கிறவங்களுக்கு மட்டுந்தான் மெஷின் லெட்டர் அடிக்கும்.”

“அப்பம் இந்த இருமலு?”

“இஞ்சித் தூசியும் சுண்ணாம்பும் தின்னுக்கிட்டே வேலை பார்த்தா இருமாம என்ன செய்யும்? கஷாயம் வச்சுக் குடி.”

“நீ சொன்னாச் சரிதாங்க்கா. ஒன் மெஷினுல்லா” என்று சிரித்துக்கொண்டே குடத்தை இடுப்பில் வைத்தாள்.

அவள் போன பிறகும் எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. என் மெஷின் ஒன்றும் சொல்லவில்லை என்றால் எல்லாம் சரி என்றுதான் நானே நம்பினேன். நான்தான் அதைச் சொல்லவிடாமல் செய்திருக்கிறேன் என்பது எப்படி மறந்து போனது என்று இன்றைக்கும் யோசிக்கிறேன்.

எட்டு மாதம் கழித்து அவள் ரத்தம் கக்கினாள். பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். இரண்டு பக்க நெஞ்சும் போய்விட்டது என்றார் டாக்டர். எக்ஸ்ரேயில் குறை தெரிந்தவர்களுக்கெல்லாம் கடிதம் போயிருக்குமே, அப்போதே வந்திருந்தால் மாத்திரையிலேயே குணமாகியிருக்குமே என்றார். அந்த நிமிஷமே எனக்குப் புரிந்துவிட்டது, தம்பி. தேடிப் பார்க்க வேண்டியதே இல்லை. உனக்கு அப்போது பதினேழு வயது. டாக்டர் போனதும் நீ கட்டில் பக்கம் போய்க் கத்தினாய். “லெட்டர் கிட்டியும் ஏன் அத்தே போகல? அம்மா ஆபீசிலேந்து எல்லாருக்கும் அனுப்பிச்சதுதானே? சாகணும்னு ஆசையா?” வார்டு முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அவள் மூச்சு வாங்கிக்கொண்டு, “வரலய்யா. சத்தியமா வரல” என்றாள். “பொய் சொல்லாதீங்க” என்றாய் நீ. அப்போது அவள் என்னைப் பார்த்தாள். “யக்கா, நான் ஒங்கிட்டக் கேட்டனுல்லா...” என்றாள்.

நான் கையில் பிளாஸ்க் வைத்துக்கொண்டு நின்றேன். மூடியைத் திறந்து சாயா ஊற்றினேன். யாரும் சாயா கேட்கவில்லை. என்னால் வாயைத் திறக்க முடியவில்லை என்று சொல்ல மாட்டேன், முடியும், திறக்கவில்லை. அவள் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். என்ன புரிந்துகொண்டாளோ தெரியாது. பிறகு உன் பக்கம் திரும்பி, “வந்திருக்கும்யா. எனக்குத்தான் எழுத்து தெரியாதே. அடுப்பெரிக்கப் போட்டிருப்பேன்” என்றாள். என்னைக் காப்பாற்றிவிட்டாள். நீ வெளியே போனாய், அதற்கப்புறம் நாலு நாளும் அந்தப் பக்கம் வரவில்லை. ஐந்தாம் நாள் காலையில் அவள் போய்விட்டாள். இருந்த நாலு நாளும் வார்டு வாசலில் எவன் உயரமாக வந்தாலும் தலையைத் தூக்கிப் பார்த்தாள்.

காரியமெல்லாம் முடிந்த மறுநாள் ஆபீசில் அந்தப் பட்டியலைத் திறந்தேன். பேச்சியம்மாள் என்று பெயர் இருந்தது. வயது, கிடங்கு, எக்ஸ்ரே நம்பர், எதிரே டாக்டர் போட்ட குறி, எல்லாம் இருந்தன. வீட்டுப்பெயருக்கு விட்டிருந்த இடம் மட்டும் காலி. அந்த இரண்டு வரியைத் திருப்பிப் போட்டு, விட்டுப்போனவர்களை மட்டும் அச்சடித்தேன். ஒரு முழுத் தாள் நிரம்பியது. பெரும்பாலும் நம் ஆட்கள். மடத்தில் வளர்ந்த அனாதைப் பெண் ஒருத்தி, கரையில் வீடே இல்லாமல் வஞ்சிப் படகிலேயே குடியிருக்கிற ஒருவர். இரண்டு ஞாயிற்றுக்கிழமை அந்தத் தாளைப் பிடித்துக்கொண்டு வாசல் வாசலாக ஏறி இறங்கினேன். எல்லோரையும் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். ஏன் இத்தனை நாள் கழித்துச் சொல்கிறாய் என்று கேட்டவர்களிடம், தபாலில் தொலைந்துவிட்டது என்றேன். பாவம், அந்தத் தபால்காரரை நாலு பேர் வழியில் நிறுத்தித் திட்டியிருக்கிறார்கள்.

அதன் பிறகு எழுதியதுதான் நீ பின்னால் வந்து பார்த்த புரோகிராம். உனக்கு வேடிக்கையாக இருந்தது. இவ்வளவு சின்ன வேலைக்கு எதற்கு இத்தனை வரி என்று கேட்டாய். கோப்பு முழுவதையும் முதலில் ஒரு தடவை வாசித்துப் பார்த்துவிட்டுத்தான் அது கடிதம் அடிக்கத் தொடங்கும். வீட்டுப்பெயர் இல்லையா, கிடங்கின் பெயரையும் அப்பன் பெயரையும் புருஷன் பெயரையும் வைத்து ஆளைக் கண்டுபிடிக்கப் பார்க்கும். அதுவும் முடியவில்லையா, அந்த ஆளைத் தனித் தாளில் எழுதி, எத்தனையாவது வரி, அதில் என்ன இருக்கிறது, என்ன இல்லை, யாரைக் கேட்க வேண்டும் என்று சொல்லும். அவருக்காக மற்றவர்களை நிறுத்தி வைக்காது, மற்றவர்களுக்காக அவரை விட்டுவிட்டும் போகாது. எல்லாம் முடிந்ததும் வாசித்தது இத்தனை, கடிதம் இத்தனை, குறி இல்லாதவர் இத்தனை, தனியே வைத்தது இத்தனை என்று திரையில் போடும். கூட்டிப் பார்த்தால் ஒத்து வர வேண்டும். தனியே வைத்த தாளில் ஒருவர் மிச்சம் இருந்தாலும் வேலை முடிந்தது என்று அது சொல்லாது. ரோசிலி அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொருவராகத் தேடிப் பிடித்த பிறகுதான் நாங்கள் சாயா குடிக்கப் போவோம்.

நீ பாலிடெக்னிக் லீவில் என் ஆபீஸ் மெஷினில் முதல் புரோகிராம் எழுதினாய். பெயர்களை அகர வரிசையில் அடுக்குவது. என்னைச் சோதித்துப் பார்க்கச் சொன்னாய். நான் வேண்டுமென்றே காலிக் கோப்பு ஒன்றைக் கொடுத்தேன். உன் புரோகிராம் தலைகுப்புற விழுந்தது. “யாரும்மா காலி ஃபைல் கொடுப்பாங்க?” என்று குதித்தாய். “நான் கொடுப்பேன்” என்றேன். உனக்குக் கோபம் வந்து இரண்டு மணி நேரம் என்னோடு பேசவில்லை. படகில் வேறு பெஞ்சில் போய் உட்கார்ந்தாய். அன்றைக்கே உன் பக்கத்தில் வந்து உட்கார்ந்து பேச்சியைப் பற்றிச் சொல்லியிருக்கலாம். மட்டாஞ்சேரி ஜெட்டி வரும்வரை நேரம் இருந்தது. தண்ணீரைப் பார்த்துக்கொண்டே வந்து சேர்ந்தேன்.

இப்போது உன் ஆஸ்பத்திரி. வயது இல்லை என்று உன் புரோகிராம் நிற்கிறதே, அந்த வரியை எடுத்துப் பார்த்தாயா? தன் வயது தெரியாத கிழவியாக இருக்கும். பெயர் இல்லாத வரி வரும் பார், அது நேற்றுப் பிறந்து இன்னும் பெயர் வைக்காத குழந்தை. பெயர் வைக்கவில்லை என்பதற்காக அதற்கு ஊசி போட வேண்டாமா? தேதி தப்பாக இருக்கிறவன் அவசரத்தில் தூக்கி வரப்பட்டவன். உன் புரோகிராம் படிக்கத் திணறுகிற ஆட்களுக்குத்தான் ஆஸ்பத்திரி அதிகம் தேவைப்படுகிறது, புத்தியுள்ளவன் நீ, யோசித்துப் பார். நிற்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. கொடுத்த கோப்பே இல்லை என்றால், தப்பான கோப்பைக் கொடுத்துவிட்டார்கள் என்றால், நில். கையை வைப்பதற்கு முன்னாலேயே நில். என்ன கொடுத்தார்கள், என்ன கொடுத்திருக்க வேண்டும் என்று மனுஷ பாஷையில் சொல்லிவிட்டு நில். பாதி வழியில் செத்து விழுந்து, எங்கே விழுந்தேன் என்று நீங்களே தேடிக்கொள்ளுங்கள் என்று விடாதே. பத்துக் குறை இருந்தால் பத்தையும் ஒரே தடவையில் சொல்லு. ஒவ்வொன்றாகச் சொல்லி அந்த டைப் அடிக்கிற பெண்ணின் உயிரை வாங்காதே. மேனேஜர் கத்தினால் கத்தட்டும். என்னிடம் ஒருவர் கத்தியதற்குப் பயந்துதான் நான் அந்த இரண்டு வரியை எழுதினேன்.

செவ்வாய்க்கிழமை உன் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பேச்சியின் வீட்டுக்காரர் மாடசாமியிடம் நீதான் சொல்ல வேண்டும் என்றார், கூட வருகிறேன் என்று சொல்லவில்லை. நேற்றுச் சாயங்காலம் மாடசாமி சுமை இறக்கிவிட்டு வந்து வாசலில் கால் கழுவிக்கொண்டிருந்தார். நின்றபடியே சொன்னேன். உட்கார்ந்தால் சொல்ல மாட்டேன் என்று பயமாக இருந்தது. அவர் சொம்பைக் கீழே வைத்துவிட்டு, “வீட்டுப்பேரு இல்லாததுக்கா?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். ஏசுவார், அடிக்கக்கூட வருவார் என்று எதிர்பார்த்தேன். வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“ஏங்க்கா, அவ கிட்ட நான் பேசாம இருந்தேன், தெரியுமா?” என்றார். “ஆசுபத்திரிக்குப் போனா வேல போயிரும்னு பயந்து லெட்டர ஒளிச்சுட்டான்னு நெனச்சேன். சேத்த அன்னைக்கு வீட்டுக்கு வந்து பெட்டியெல்லாம் கொட்டித் தேடினேன். மறுநாளு அவ மூஞ்சிக்கு நேரேயே கேட்டேன், எங்கட்டீ வச்சேன்னு. வரலை வரலைன்னு சொன்னா. அதுக்கப்புறம் கடைசி வரைக்கும் நான் வாய் தெறந்து அவகிட்ட ஒரு வார்த்தை பேசல.” அப்புறம் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். சாத்திய கதவுக்கு முன்னால் எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. உன் அப்பா வந்துதான் கூட்டிக்கொண்டு போனார்.

வார்டில் நீ கத்தியதெல்லாம் எனக்கு வர வேண்டியது. பதினேழு வயதுப் பிள்ளை, தன்னை வளர்த்தவள் சாகிறாளே என்கிற பயத்தில் கத்தினாய். நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவளைக் கட்டிப்பிடித்து அழுதிருப்பாய், நாலு நாளும் அவள் கட்டிலை விட்டு நகர்ந்திருக்க மாட்டாய். அதை உன்னிடமிருந்தும் அவளிடமிருந்தும் பறித்தவள் நான். இதற்கு மன்னிப்புக் கேட்கிற துணிச்சல் எனக்கு இல்லை. நீ என்னை என்ன நினைத்தாலும் நினைத்துக்கொள். ஆபீசுக்கும் எழுதிக் கொடுக்கப் போகிறேன், அந்த மாவுங்கல் கதையையும் சேர்த்து.

இன்று காலை நான் குழாயடிக்குப் போகும்போது மாடசாமி வாசலில் நின்றுகொண்டிருந்தார். கண் இரண்டும் வீங்கியிருந்தது. “தம்பிக்கு எழுதுதியளாக்கா?” என்று கேட்டார். எழுதிக்கொண்டிருக்கிறேன் என்றேன். “அவ பொய் சொல்லலைன்னு எழுதுங்க. அவனும் அவள நம்பாமத்தான போனான்” என்றார்.

அதற்காகத்தான் இத்தனையும் எழுதினேன். பேச்சி பொய் சொல்லவில்லை, தம்பி. அவளுக்குக் கடிதம் போகவே இல்லை.

அம்மா